கேள்வி பதில்: ஆதரவு முடிந்த மென்பொருள், புதிய லினக்ஸ்

கேள்வி: சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனத்தில் மின்னணுப் பலகைகளைப் பராமரிக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களின் பொதிகட்டும் இயந்திரங்களில் ஸ்பார்ட்டன்-6 எல்எக்ஸ்9 வகை எஃப்பிஜிஏ சிப், அதாவது உள்சுற்றை நாமே வடிவமைத்து ஏற்றக்கூடிய சிப், இருக்கிறது. அதன் வடிவமைப்பைத் திருத்த ஸைலிங்ஸ் நிறுவனத்தின் ஐஎஸ்இ 14.7 மென்பொருளைப் பயன்படுத்தி வந்தோம். அது இருந்த பழைய கணினி சென்ற மாதம் பழுதாகிவிட்டது. இப்போது எங்களிடம் உபுண்டு 22.04 கணினிகள் மட்டுமே உள்ளன. அவற்றில் ஐஎஸ்இயை நிறுவினேன். சில கருவிகளைத் திறந்தால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று வருகிறது. கோப்போ கண்ணெதிரே இருக்கிறது. வடிவமைப்பைச் சிப்பில் ஏற்றும் கேபிளையும் அது கண்டுகொள்வதில்லை. புதிய மென்பொருளுக்கு மாறிவிடலாமா?
(ஒரு வாசகர், ஈசூன்)

பதில்: மாறுவதற்கு வழியில்லை. ஐஎஸ்இக்குப் பின் வந்த மென்பொருளான விவாடோ, '7 வரிசை' என்ற பிந்தைய சிப்புகளிலிருந்துதான் தொடங்குகிறது. ஸ்பார்ட்டன்-6 அதற்குத் தெரியாது. 2013 அக்டோபரில் வெளிவந்த 14.7தான் ஐஎஸ்இயின் கடைசிப் பதிப்பு. 2022இல் ஸைலிங்ஸை ஏஎம்டி வாங்கிய பிறகும் இந்த நிலை மாறவில்லை. ஆகவே சிப்பை மாற்றாதவரை ஐஎஸ்இயை விட முடியாது.

'ஆதரவு இல்லை' என்பதற்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது என்பது ஒன்று. அது புதிதாக இருந்த காலத்திலேயே உற்பத்தியாளர் ஏற்றுக்கொண்ட லினக்ஸ் வகைகள் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் 5, 6, சூசே 11 ஆகியவைதாம், உபுண்டு அந்தப் பட்டியலில் இல்லை என்பது இன்னொன்று. உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும் அந்தப் பிழைச் செய்தி பலரையும் குழப்பியிருக்கிறது. உண்மையில் இல்லாமல் இருப்பது நீங்கள் திறக்கும் கோப்பு அன்று. ஒவ்வோர் இயங்கு கோப்பின் உள்ளேயும், தன்னை நினைவகத்தில் ஏற்றவேண்டிய ஏற்றியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் முதலில் அந்த ஏற்றியைத்தான் தேடும். 32 பிட் கருவியைத் தொட்டிருந்தால், 32 பிட் நூலகங்கள் நிறுவப்படாத 64 பிட் உபுண்டுவில் அதற்குரிய ஏற்றி இருக்காது. 64 பிட் அடைவிலுள்ள கருவிகளையும் அதற்கான அமைப்புக் கோப்பையும் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உரிமங்களைக் கவனிக்கும் நிரலான உரிம வழங்கியும் இதே பிழையைக் காட்டினால், அது எதிர்பார்ப்பது எல்எஸ்பி என்ற லினக்ஸ் பொதுத் தரநிலைப் பெயர் கொண்ட ஏற்றியை. சரியான ஏற்றிக்கு அந்தப் பெயரில் ஓர் இணைப்பை உருவாக்கினால் போதும்.

அதைத் தாண்டினால் அடுத்தது காத்திருக்கும். ஐஎஸ்இ தன்னுடன் கொண்டுவரும் சி பிளஸ் பிளஸ் நூலகம் மிகப் பழையது என்பதால், உபுண்டுவின் நூலகங்கள் அதைச் சந்திக்கும்போது 'பதிப்பு கிடைக்கவில்லை' என்ற பிழை எழும். பழைய நூலகத்தின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்தால் இயங்குதளத்தின் நூலகம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஐஎஸ்இயின் சில ஸ்கிரிப்டுகள், கட்டளைகளை இயக்க பேஷ் என்ற நிரல் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. உபுண்டுவிலோ 2006இல் வந்த 6.10 பதிப்பு முதல் அந்த இடத்தில் டேஷ் என்ற வேறொரு நிரல் இருக்கிறது. ஐஎஸ்இயின் எஃப்பிஜிஏ எடிட்டர் என்ற கருவி, திரைச் சாளரங்களுக்கான பழைய மோட்டிஃப் நூலகத்தைக் கேட்கும்.

ஒரு வார இறுதி கையில் இருந்தால் இத்தனையையும் சரிசெய்துவிடலாம். நானும் வீட்டில் செய்திருக்கிறேன், அதில் ஓர் இன்பமும் உண்டு. ஆனால் வாடிக்கையாளரின் இயந்திரம் நின்றுகிடக்கும்போது நம்பி உட்காரவேண்டிய கணினிக்கு அந்த வழி ஆகாது. அடுத்த உபுண்டு பதிப்புக்கு மாறும் நாளில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் மறுபடியும் பிரியும்.

எனவே புதிய உபுண்டுவை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் வெர்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளில் மெய்நிகர் கணினியை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை) உருவாக்கி, ரெட் ஹேட் 6 அல்லது அதன் வழிவந்த சென்ட்ஓஎஸ் 6 நிறுவி, ஐஎஸ்இயை அங்கே வையுங்கள். உற்பத்தியாளரே கடைசியில் இந்த வழிக்குத்தான் வந்தார்: விண்டோஸ் 10இல் ஸ்பார்ட்டன்-6 வேலைக்கு அவர் தரும் ஐஎஸ்இ, ஆரக்கிள் லினக்ஸ் ஓடும் ஒரு வெர்சுவல்பாக்ஸ் கணினியே. சென்ட்ஓஎஸ் 6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பரோடு நின்றுவிட்டதால் அதை இணையத்தோடு இணைக்காதீர்கள். கோப்புகளைப் பகிர்வு அடைவு வழியாக மட்டும் கொண்டுபோங்கள். எல்லாம் ஓடத் தொடங்கியதும் அந்த மெய்நிகர் கணினியின் பிரதி ஒன்றை வெளி வட்டில் எடுத்துப் பூட்டிவையுங்கள்.

இனி கேபிள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இங்கேதான். உங்களிடம் இருப்பது பிளாட்ஃபார்ம் கேபிள் யுஎஸ்பி என்று எடுத்துக்கொள்கிறேன். செருகியவுடன் அது முழுமையான கருவியாக இருப்பதில்லை. கணினி அதற்குள் ஃபர்ம்வேரை, அதாவது கேபிளை இயக்கும் உள்மென்பொருளை, ஏற்றவேண்டும். ஏறியதும் கேபிள் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு, வேறொரு பொருள் எண்ணுடன் மீண்டும் தோன்றும். எந்தக் கருவி மெய்நிகர் கணினிக்குப் போகவேண்டும் என்று சொல்லும் யுஎஸ்பி வடிகட்டியை அமைக்கும்போது முதலில் தெரிந்த எண்ணை மட்டும் கொடுத்திருந்தால், இரண்டாவது பிறவி எடுத்த கேபிள் வெளியிலிருக்கும் உபுண்டுவிடம் போய்விடும். இது தெரியாமல் ஒரு பிற்பகல் முழுவதும் கேபிளையே குறை சொல்லிக்கொண்டு, புதியது வாங்க சிம் லிம் டவர் வரை போய்த் திரும்பியவன் நான். வடிகட்டியில் பொருள் எண்ணைக் காலியாக விட்டு, தயாரிப்பாளர் எண்ணான 03எஃப்டி (03FD) என்பதை மட்டும் கொடுங்கள். பிறகு கேபிளின் விளக்கைப் பாருங்கள். அது எரியவே இல்லை என்றால் ஃபர்ம்வேர் ஏறவில்லை. ஆம்பர் நிறத்தில் எரிந்தால் கேபிள் சரி, பலகையிலிருந்து மின்னழுத்தம் வரவில்லை. பச்சை என்றால் வேலையைத் தொடங்கலாம். யுஎஸ்பி இணைப்புக்கு எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள கேபிளாக இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம்: ஓப்பன்எஃப்பிஜிஏலோடர் என்ற திறமூலக் கருவியைக் கொண்டு உபுண்டுவிலிருந்தே சிப்பில் ஏற்றிவிடலாம்.

புதிய அமைப்பில் முதல் திருத்தத்தைச் செய்வதற்கு முன், எதையும் மாற்றாமல் பழைய வடிவமைப்பை ஒருமுறை தொகுத்து, இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிட் கோப்பின் தலைப்பகுதியில் தொகுத்த தேதியும் நேரமும் பதிவாவதால் அவை எப்போதும் வேறுபடும்; தலைப்பகுதி இல்லாத .bin வகைக் கோப்புகளை ஒப்பிடுவதே முறை. பழைய கணினி விண்டோஸாக இருந்திருந்தால் முழுப் பொருத்தம் வராமலும் போகலாம். அப்போது, சிப்புக்குள் சிக்னல்களின் தாமதத்தைக் காட்டும் நேர அறிக்கைகளை வைத்து ஒப்பிட்டு, ஒரு பலகையிலாவது ஏற்றிச் சோதித்த பிறகே வாடிக்கையாளரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: எங்கள் ஐஎஸ்இ உரிமம் பழைய கணினியின் வலையட்டை முகவரியோடு கட்டப்பட்டது. புதிய லினக்ஸில் கணினி அடையாளம் வெறும் பூச்சியங்களாகத் தெரிகிறது. மெய்நிகர் கணினிக்குப் பழைய முகவரியையே கொடுத்துவிடலாமா?
(ஒரு வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: பூச்சியங்களுக்குக் காரணம் எளிது. பழைய உரிமக் கருவி ஈத்0 (eth0) என்ற பெயருள்ள வலையட்டையை மட்டுமே தேடும். இன்றைய லினக்ஸ் அதே அட்டைக்கு வேறு பெயர் வைக்கிறது. மேலே சொன்ன பழைய இயங்குதளத்தில் பெயர் ஈத்0 என்றே இருப்பதால் அடையாளம் சரியாகத் தெரியும். மெய்நிகர் கணினிக்குப் பழைய முகவரியைக் கொடுப்பது தொழில்நுட்ப அளவில் இரண்டு நிமிட வேலை. ஆனால் அனுமதி என்பது வேறு. பழைய கணினி முற்றிலும் ஓய்வுபெற்று, அதன் இடத்தில் ஒன்றே ஒன்று ஓடினாலும், உரிமத்தை இடம் மாற்றித் தருமாறு உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அந்த மெய்நிகர் கணினியைப் பிரதியெடுத்து ஐந்து மேசைகளுக்குப் பரப்புவது உரிம மீறல். எல்எக்ஸ்9 போன்ற சிறிய சிப் மட்டுமே உங்களுக்கு வேண்டும் என்றால், கட்டணமில்லாத வெப்பேக் உரிமம் அதற்குப் போதும். பழைய முகவரியைத் தொடவே வேண்டாம்.