எண்ணெய் தெரியாது, எதிரொலிதான் தெரியும்

(1985இல் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் புவி இயற்பியலாளராகச் சேர்ந்து 31 வருடம் நிலத்தடியைத் துழாவிய அனுபவத்தில் பதில் எழுதுகிறேன். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.)

கேள்வி: மேடம், பூமிக்கு அடியில் எண்ணெய் இருப்பது உங்கள் கருவியில் நேராகவே தெரிந்துவிடுமா?

தெரியாது. இதை மனசார ஒப்புக்கொள்ள எனக்கே வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் பிடித்தது.

எங்களுக்குக் கிடைப்பது எதிரொலி மட்டும். தரையில் ஓர் அதிர்வைக் கிளப்புகிறோம். ஒரு பாறை முடிந்து வேறு மாதிரிப் பாறை தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் அதில் கொஞ்சம் மேலே திரும்பி வருகிறது. எத்தனை நொடியில் வந்தது, எவ்வளவு பலமாக வந்தது, இந்த இரண்டும்தான் கையில் இருக்கும். இரண்டு நொடியில் வந்தது என்றால் போக ஒன்று, வர ஒன்று. நடுவில் இருக்கும் பாறைகளில் ஒலி சராசரியாக நொடிக்கு 2,500 மீட்டர் ஓடுகிறது என்றால் ஆழம் 2,500 மீட்டர். கணக்கு பள்ளிக்கூடத்துக் கணக்குதான். அந்தச் சராசரி வேகத்தை யார் சொல்வது என்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது.

எதிரொலியைப் பிடிக்கும் ஜியோபோன் உள்ளங்கையில் அடங்கிவிடும். அடியில் மண்ணில் குத்துவதற்கு ஒரு கூர்முனை. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். தரை அசையும்போது காந்தமும் சேர்ந்து அசையும், சுருள் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தில் துளியூண்டு மின்னழுத்தம் பிறக்கும். அவ்வளவுதான் கருவி. அதற்கு நம் எதிரொலி, காற்றில் ஆடும் செடியின் வேர், தூரத்தில் போகும் லாரி எல்லாம் ஒன்றே. ஆயிரக்கணக்கில் நட்டு, கிடைத்ததை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டி, தற்செயல் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போனபின் மிஞ்சுவதைத்தான் படம் என்கிறோம்.

கேள்வி: எண்ணெய் பூமிக்குள் ஏரி மாதிரித் தேங்கி நிற்குமா?

இல்லை. கடற்பஞ்சில் தண்ணீர் இருப்பதுபோல, கல்லின் நுண்துளைகளுக்குள் இருக்கும். நல்ல மணற்கல் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தால் நீங்கள் சாதாரணக் கல் என்று ஓரமாக வைத்துவிடுவீர்கள்.

கேள்வி: இந்த முறையை முதலில் யார் கண்டுபிடித்தது?

ஒருவர் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஜெர்மனியில் லுட்கர் மின்ட்ராப் 1919இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவருடையது அலை பாறைக்குள் வளைந்து போய் வரும் முறை. அதை வைத்து 1924இல் டெக்ஸாஸில் ஓர் உப்புக் குன்றைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் பிழைத்தது நேராகத் திரும்பி வரும் எதிரொலியை வைத்து. அதை 1921இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சோதித்துக் காட்டியவர் ஜான் கார்ச்சர்.

ஒரு கிளைக்கதை. கார்ச்சரும் இன்னொருவரும் சேர்ந்து 1930இல் எண்ணெய் தேடித் தருவதற்காக ஒரு சர்வே நிறுவனம் தொடங்கினார்கள். கருவிகளைத் தாங்களே செய்துகொண்டார்கள். பிற்பாடு அந்தக் கருவிப் பிரிவு தாய் நிறுவனத்தையே விழுங்குகிற அளவுக்கு வளர்ந்தது. 1951இல் அதற்கு டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 1958இல் ஜாக் கில்பி ஐசி சில்லைச் செய்து காட்டியது அங்கேதான். எண்ணெய் தேடிக் கிளம்பியவர்கள் கால்குலேட்டரில் போய் நின்ற கதை.

கேள்வி: உங்கள் கணிப்பு தப்பிப்போய், பணம் வீணானது உண்டா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

உண்டு. ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

அப்போதெல்லாம் படம் காகிதத்தில் வரும். மேசை நீளத்துக்கு விரித்து, ஓர் எதிரொலிக்கு ஒரு நிறம் என்று பென்சிலால் இழுத்துக்கொண்டே போவோம். நான்கு சர்வே கோடுகள் (ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்) ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் சுற்றிவந்து, தொடங்கிய புள்ளியிலேயே பென்சில் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் வழியில் எங்கோ ஒரு அலை தாவிவிட்டோம் என்று பொருள். அழித்துவிட்டு முதலிலிருந்து. என் வலது கைச் சுண்டுவிரல் ஓரம் வருடக்கணக்கில் சிவப்பாகவே இருந்தது.

நான் இழுத்த சிவப்புக் கோடு படத்தில் இரண்டு நொடிக் குறிக்குச் சற்றுக் கீழே அழகான மேடாக எழும்பி இறங்கியது. மேடு என்றால் எண்ணெய் மேலேறி மாட்டிக்கொள்ள இடம். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், எல்லாப் பக்கமும் மூடியிருந்தது. கணக்குப்படி 100 மீட்டர் உயரம். மேலாளர் தட்டிக்கொடுத்தார், கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள், துளை போட்டார்கள்.

ராத்திரி மூன்று மணிக்குத் தொலைபேசி. துளையிடும் இடத்திலிருந்து பேசியவர், "நீங்க சொன்ன ஆழம் தாண்டிடுச்சு. இன்னும் களிப்பாறைதான் வருது" என்றார். இன்னும் கொஞ்சம் போங்கள் என்றேன். சரியாக 100 மீட்டர் கீழே மணற்கல் வந்தது. அதில் உப்புத் தண்ணீர். மேடு என்ற ஒன்றே அங்கே இல்லை.

மறுநாள் காகிதத்தை விரித்தேன். என் சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே, அதே இடத்தில், படம் கலங்கலாக ஒரு திட்டுபோல இருந்தது. முதல் நாளிலிருந்தே இருந்தது. சத்தம் என்று தள்ளிவிட்டிருந்தேன். அது ஒரு பழைய பவளத்திட்டு, சுண்ணாம்புக்கல். 300 மீட்டர் தடிமன். சுற்றியிருந்த களிப்பாறையில் ஒலி நொடிக்கு 3,000 மீட்டர் ஓடினால், இதற்குள் 4,500. போய்வர மொத்தம் 600 மீட்டர். களிப்பாறையில் 200 மில்லி நொடி ஆகும், சுண்ணாம்பில் 133 போதும். அதற்குக் கீழே உள்ள எதிரொலி எல்லாம் 67 மில்லி நொடி முன்கூட்டியே வந்துவிட்டது. முன்கூட்டி வந்ததை நான் மேடு என்று வரைந்துவிட்டேன். 67 மில்லி நொடியை மீட்டராக்கினால் நூறு. கணக்கு துல்லியமாகத்தான் இருந்தது, பாருங்கள்!

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. போடும் துளைகளில் பாதிக்கு மேல் பொய்த்துப்போவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். ஆனால் இது அந்தக் கணக்கில் சேராது. மேலே இருந்ததைப் பார்க்காமல் கீழே பார்த்தேன். அதற்கப்புறம் யார் மேடு காட்டினாலும் முதல் வேலையாக அதன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று விரலை வைத்துக் கேட்பேன். இளையவர்களுக்கு என்மேல் எரிச்சல் வந்ததும் இதனால்தான்.

படம் சரியாக இருந்தும் வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. அலாஸ்காவுக்கு வடக்கே கடலில் 1983இல் முக்லுக் என்ற துளையைப் போட்டார்கள். கடலில் சரளைக்கல்லைக் கொட்டித் தீவே கட்டினார்கள். ஏல உரிமையோடு சேர்த்து நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. மேடு நிஜமாகவே இருந்தது. எண்ணெய் இருந்ததற்கான கறையும் இருந்தது. எண்ணெய்தான் எப்போதோ கசிந்து போய்விட்டிருந்தது.

கேள்வி: கடலில் சர்வே செய்யும் சத்தத்தால் திமிங்கிலங்களுக்கு ஆபத்து இல்லையா?

தொல்லை உண்டு. இல்லை என்று சாதிப்பவர்களை நம்பாதீர்கள். அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் திடீரென்று திறந்துவிடும் ஏர்கன்தான் எங்கள் ஒலிமூலம். பிரிட்டன் 1995இலேயே இதற்கு வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. சுடத் தொடங்கும் முன் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்க வேண்டும், 500 மீட்டருக்குள் திமிங்கிலமோ டால்பினோ தெரிந்தால் தொடங்கக் கூடாது, அப்புறமும் சின்னச் சத்தத்தில் ஆரம்பித்து மெல்ல ஏற்ற வேண்டும். சத்தம் ஏற ஏற அவை விலகிப் போய்விடும் என்ற எண்ணத்தில் வைத்த விதி. எல்லா உயிரும் அப்படி விலகுமா என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை தீரவில்லை.

கேள்வி: நான் இயற்பியல் இளங்கலை கடைசி வருடம். புவி இயற்பியல் படிக்க ஆசை. எண்ணெய்க் காலமே முடியப்போகிறது என்று பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

தம்பி, முதலில் என் கதையைக் கேளுங்கள். நான் சேர்ந்த மறு வருடமே, 1986இல், எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. என் வரிசையில் ஆறு மேசை, வருடக் கடைசியில் இரண்டில்தான் ஆள். 1998இல் மறுபடி. 2014 நடுவில் தொடங்கிய சரிவில், 2016இல் நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றேன் என்றால், அனுப்பி வைத்தார்கள். 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் ஒப்பந்த விலை பூஜ்யத்துக்கும் கீழே போனதை வீட்டிலிருந்து வேடிக்கை பார்த்தேன். ஆகவே, நிம்மதியான உத்தியோகம் என்று நினைத்து வர வேண்டாம். விலை ஏறும்போது கூப்பிட்டுச் சேர்ப்பார்கள், இறங்கும்போது முதலில் வெட்டுவது தேடும் துறையைத்தான்.

ஆனால் நிலத்துக்கு அடியில் பார்க்கும் தேவை எண்ணெயோடு முடியாது. நார்வேயின் கடல் பகுதியில் உள்ள ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கார்பன் டை ஆக்சைடைக் கடலடி மணற்கல்லுக்குள் செலுத்துகிறார்கள். அது எங்கே பரவுகிறது என்று சில வருடத்துக்கு ஒரு முறை அதே எதிரொலியை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கடலில் காற்றாலை ஊன்றவும், புவிவெப்பத் துளை போடவும் எங்கள் ஆட்கள் வேண்டும். படிப்பில் எண்ணெய் என்ற பெயர் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். ஃபூரியே கணக்கு, அதாவது ஓர் அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு, விரல்நுனியில் இருக்க வேண்டும். நிரல் எழுதப் பழகுங்கள். பாறைப் பாடத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இயற்பியலில் இருந்து வருபவர்கள் செய்கிற தப்பு அதுதான், நானும் செய்தேன். பவளத்திட்டை மறந்தது யார் என்று மேலே படித்தீர்களே.

கேள்வி: இனி எல்லாவற்றையும் ஏஐ பார்த்துக்கொள்ளுமாமே?

கோடு இழுப்பதைப் பார்த்துக்கொள்ளும், பார்க்கட்டும். வாரக்கணக்கில் பாறைப் பிளவுகளை ஒவ்வொன்றாகக் குறித்த கை என்னுடையது, எனக்கு அதில் வருத்தமே இல்லை.

கேள்வி: என் கணவர் சர்வே கப்பலில் கன் மெக்கானிக், ஏர்கன்களைப் பராமரிப்பவர். ஐந்து வாரம் கடல், ஐந்து வாரம் வீடு. வந்த முதல் வாரம் எதிலும் ஒட்டாமல் இருக்கிறார், ராத்திரி விழித்து உட்கார்ந்துகொள்கிறார். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

அவர் சொல்வது பெரும்பாலும் நிஜமாக இருக்கும். நானும் சில வருடம் அந்தக் கப்பல்களில் போய் வந்திருக்கிறேன்.

அங்கே ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம், நள்ளிரவிலிருந்து நண்பகல், இல்லாவிட்டால் நண்பகலிலிருந்து நள்ளிரவு. பின்னால் எதிரொலியைப் பிடிக்கும் பல கிலோமீட்டர் நீளக் கேபிள்கள் பத்துப் பன்னிரண்டு இழுபட்டு வரும். கப்பல் நடையைவிடக் கொஞ்சம் வேகமாக ஊரும். ஒரு கோடு முடித்து அடுத்ததற்குத் திரும்பவே மணிக்கணக்கு ஆகும். நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் கேபிள் அமிழ்ந்துவிடும். பத்து நொடிக்கு ஒரு தரம் 'தும்' என்று கப்பல் முழுக்க அதிரும். முதல் இரண்டு நாள் தூக்கம் வராது. மூன்றாம் நாளிலிருந்து அந்தத் தும் இல்லாமல் தூக்கம் வராது. ஏதோ பழுதாகி ஏர்கன் நின்றுவிட்டால், தூங்கிக்கொண்டிருக்கும் மொத்தக் கப்பலும் விழித்துக்கொள்ளும். அதில் முதலில் எழுந்து ஓட வேண்டியவர் கன் மெக்கானிக். சத்தம் நின்றால் தன் வேலையில் ஏதோ கோளாறு என்று அவர் உடம்புக்கே பழகியிருக்கும். உங்கள் வீடு ராத்திரியில் அமைதியாக இருக்கிறது இல்லையா, அதுதான் எழுப்புகிறது.

வந்த முதல் மூன்று நாள் பணக்கணக்கு, பள்ளி விவகாரம், பழுது பார்க்க வேண்டியவை எதையும் கேட்காதீர்கள். நான்காம் நாள் எல்லாவற்றையும் கொடுங்கள், தட்டாமல் செய்வார். அவர் இல்லாத ஐந்து வாரத்தில் நீங்கள் எடுத்த முடிவுகளை அவர் மாற்றப் பார்த்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்தச் சண்டையை நான் வேறு பக்கத்திலிருந்து போட்டுத் தோற்றவள். ராத்திரிக்கு, படுக்கையறையில் மின்விசிறியைக் கொஞ்சம் சத்தமாக ஓடவிட்டுப் பாருங்கள். எனக்கு அது உதவியது.