கீழ் கோர்ட் விடுதலை செய்தவரை மேல் கோர்ட் தண்டிக்க முடியுமா?

முடியும். ஒருவர் விடுதலை ஆகிவிட்டால் அதோடு வழக்கு முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள்; அது அமெரிக்காவில். அங்கே ஜூரி விடுவித்தால் அரசு அப்பீல் போக முடியாது. இங்கே அப்பீல் புது வழக்கு அல்ல, அதே வழக்கின் தொடர்ச்சி. அதனால் ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(2) பிரிவு குறுக்கே வராது.

ஆனால் சுலபமில்லை. 1934ல் பிரிவி கவுன்சில் (பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி அப்பீல் கோர்ட்) ஷியோ ஸ்வரூப் வழக்கில் சொன்னதுதான் இன்றைக்கும் அடிப்படை: சாட்சியங்கள் முழுவதையும் மறுபடி அலச உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் சாட்சியைக் கூண்டில் நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி என்பதற்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் படிப்பது காகிதத்தைத்தான். தவிர, குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்ற அனுமானம், ஒரு கோர்ட்டே விடுவித்துவிட்டதால் இன்னும் கெட்டியாகிறது என்று 2007ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு விதமாகவும் முடிவெடுக்க இடமிருந்தால், "நானாக இருந்தால் தண்டித்திருப்பேன்" என்பது போதாது. இது சரியான விதி என்றே நினைக்கிறேன், இல்லாவிட்டால் விடுதலையான யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

அப்புறம் எப்போதுதான் மாற்றுவார்கள்? நமக்கெல்லாம் தெரிந்த ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை நீதிமன்றம் தண்டித்திருந்த ஜெயலலிதாவையும் மற்ற மூவரையும் 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் வருமானமாகக் கணக்கில் எடுத்த கடன்களின் பட்டியலுக்குக் கீழே கூட்டுத்தொகை சுமார் 24.17 கோடி என்று இருந்தது. அதே பட்டியலை உட்கார்ந்து கூட்டினால் சுமார் 10.67 கோடிதான் வருகிறது. இந்த 13.5 கோடி சும்மா வந்து சேர்ந்ததால்தான் வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம் என்று ஆகி, பொறுத்துக்கொள்ளக்கூடிய 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று விடுதலை கிடைத்தது. இதை "இன்னொரு பார்வை" என்று யாராலும் சொல்ல முடியாது. 2017 பிப்ரவரி 14ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஜெயலலிதா அதற்குள் இறந்துவிட்டதால் மற்ற மூவருக்கும் நான்காண்டு தண்டனை மீண்டும் வந்தது.

பாதிக்கப்பட்ட குடும்பத்தில் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். அரசு அப்பீல் போகாவிட்டாலும் நீங்களே போகலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009ல் அமலுக்கு வந்த திருத்தம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது, அதற்கு முன் அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2018ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் அப்பீலாகவே போடுங்கள். சீராய்வு மனுவில் (கீழ் கோர்ட் தீர்ப்பு சட்டப்படி சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லும் மனு, ரிவிஷன்) விடுதலையைத் தண்டனையாக மாற்றச் சட்டத்தில் இடமில்லை. அப்படி மாற்றிய சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை 2022ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.