எங்கள் கம்பெனி தருவது போதுமா?

கேள்வி: ஓ.எம்.ஆரில், பெரிய அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றின் இந்தியக் கிளையில் வேலை செய்கிறேன். மாதாமாதம் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்து நன்கொடையாகத் தரச் சம்மதமா என்று ஹெச்ஆர் மெயில் அனுப்பியிருக்கிறார்கள். கொடுக்க மனம் இருக்கிறது. ஆனால் இவ்வளவு சம்பாதிக்கிற கம்பெனி தன் பங்குக்குப் போதுமான அளவு தருகிறதா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நியாயமான கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையின் பெரிய கம்பெனிகள் பலவும் சட்டத்துக்குக் கொடுக்கின்றன, சக்திக்குக் கொடுப்பதில்லை.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவுதான் இங்கே அடிப்படை. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய்: இதில் ஒன்றைத் தொட்டாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2% சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர் (கம்பெனியின் சமூகப் பொறுப்பு) என்கிறோம். 2% என்பது குறைந்தபட்சம். பலர் அதையே உச்சவரம்பாக ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

எதில் 2% என்று பாருங்கள். மூன்று ஆண்டு லாபம் 400, 500, 600 கோடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி 500, கொடுக்க வேண்டியது 10 கோடி. இந்த ஆண்டு லாபம் 800 கோடி என்றால், அந்த 10 கோடி உண்மையில் 1.25%தான். வேகமாக வளரும் கம்பெனிக்கு இந்த இடைவெளி எப்போதும் இருக்கும்.

உங்களைப் போன்ற கிளைகளில் இன்னொன்றும் உண்டு. தாய் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இந்தியக் கிளைகள் பலவும், ஆன செலவுக்கு மேல் ஒரு மார்ஜின் வைத்து அதற்கே பில் போடுகின்றன. நீங்கள் எழுதும் கோட் உலகம் முழுக்க எவ்வளவு சம்பாதித்தாலும், இங்கே லாபமாகக் கணக்கில் வருவது அந்த மார்ஜின் மட்டும்தான். 2% கணக்கிடுவது அதன் மேல். இந்திய கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக் கிளைகளின் லாபத்தைக் கழித்துவிட்டே கணக்கிட விதி இடம் தருகிறது.

அமெரிக்காவில் இப்படிக் கட்டாயம் இல்லை. 2004இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது கூகுள் நிறுவனர்கள், பங்கிலும் லாபத்திலும் சுமார் 1% அளவைச் சமூகப் பணிக்குத் தர எண்ணியிருப்பதாக எழுதினார்கள். அது அவர்களாகச் சொன்னது. அங்கே அறிவிக்கப்படும் பெரிய தொகைகளில் பணம் எவ்வளவு, இலவச சாஃப்ட்வேரும் விளம்பரமும் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொண்டு நிறுவனங்களுக்கு மாதம் 10,000 டாலர் வரை தேடல் விளம்பரத்தை கூகுள் இலவசமாகத் தருகிறது. வாங்குபவருக்குப் பயன்தான். ஆனால் கொடுப்பவருக்கு ஆகும் அடக்கச் செலவு அந்த 10,000 டாலர் இல்லை. இந்தியாவில், பொருளாகத் தந்ததையும் ஊழியர் செலவிட்ட நேரத்தையும் ரூபாயாக மதிப்பிட்டு சிஎஸ்ஆரில் காட்ட முடியாது. இந்த விஷயத்தில் நம் சட்டம் கறாரானது, நல்லது.

வரியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அயர்லாந்துக்கு ஆப்பிள் 1,300 கோடி யூரோ வரி பாக்கி கட்ட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த அளவு வரியோடு ஒப்பிட்டால் நன்கொடை அறிவிப்புகள் சிறுத்துப்போகும். அப்புறம், முதலாளியின் கொடையைக் கம்பெனியின் கணக்கில் சேர்க்காதீர்கள். அஸிம் பிரேம்ஜி விப்ரோவில் தனக்கிருந்த பங்குகளின் பலனை அறக்கட்டளைக்குத் தந்தார். 2019 அறிவிப்போடு அது கம்பெனியின் 67% பங்குகளின் பலனாக உயர்ந்தது. அது அவர் சொத்து. விப்ரோவின் 2% தனி.

சரி, உங்கள் கம்பெனியைப் பார்ப்பது எப்படி? இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்பாக சிஎஸ்ஆர் ஆண்டறிக்கை இருக்கும். பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி என்றால் எம்சிஏ (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். சராசரி லாபம், கொடுக்க வேண்டிய தொகை, செலவான தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'செலவிடப்படாத தொகை' என்ற வரிக்கு வாருங்கள். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டம் என்றால் மீதியை ஏப்ரல் 30க்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டு, மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். தொடர் திட்டம் இல்லையென்றால் மீதி செப்டம்பர் 30க்குள் பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றுக்குப் போக வேண்டும். வருஷா வருஷம் மீதி வைக்கிற கம்பெனிக்கு அந்த 2%கூட பாரமாகத் தெரிகிறது என்று அர்த்தம்.

ஹெச்ஆரிடம் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: நீங்கள் தரும் தொகைக்குச் சமமாகக் கம்பெனியும் போடுமா, போட்டால் அது 2%க்கு உள்ளிருந்தா, வெளியிலிருந்தா? உள்ளிருந்து என்றால் கம்பெனி புதிதாக ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. அப்போது உங்களுக்குத் தெரிந்த ஒரு அமைப்புக்கு நேரடியாகவே கொடுத்துவிடலாம். நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்று பழகிய பெயர்) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரசீதோடு அந்த அமைப்பு தரும் நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.