அடித்தாலும் நினைவில் நிற்பதில்லை

கேள்வி: எங்கள் மகள் கணவனோடு சேர்ந்து குடிக்கப் பழகியவள், வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் அதை விடவில்லை. இப்போது அவள் உயிரோடு இல்லை. ஏழு வயதுப் பேரனை அவனுடைய அம்மிச்சியாகிய நான்தான் வளர்க்கிறேன். நேற்று குச்சியெடுத்துச் சொல்லிக்கொடுத்ததை இன்று மறந்துவிடுகிறான். சந்தைக்குக் கூட்டிப்போனால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான். உறவினர்கள் திமிர் என்கிறார்கள். இவன் சரியாவானா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, முதலில் அந்தக் குச்சியைத் தூக்கி அட்டாலியில் போட்டுவிடுங்கள்.

தாய் குடிக்கும் மது நஞ்சுக்கொடி வழியாகக் கருவின் ரத்தத்தில் கலக்கிறது. அதை முறிக்கும் அளவுக்குக் கருவின் கல்லீரல் முதிர்ந்திருப்பதில்லை என்பதால், உருவாகிக்கொண்டிருக்கும் மூளை பாதிக்கப்படுகிறது. இந்தக் கோளாற்றுக்கு 1973-இல் அமெரிக்க மருத்துவர்கள் 'கரு மது நோய்க்குறி' (Fetal Alcohol Syndrome) என்று பெயரிட்டார்கள். உங்கள் பேரனுக்கு இருப்பது அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் மறதியும், செய்ததற்கும் விளைந்ததற்கும் உள்ள தொடர்பு பிடிபடாமையும், இரைச்சல் தாங்காமையும் இத்தகைய பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுபவை. நேற்றைய அடி எதற்கு என்பதே நினைவில் இல்லாதவனுக்கு இன்றைய அடி பயத்தை மட்டுமே தரும்.

"குளிச்சுட்டு, சட்டை போட்டு, பையை எடுத்துட்டு வா சாமி" என்று ஒரே மூச்சில் மூன்று வேலைகளைச் சொன்னால், அவன் மனத்தில் நிற்பது ஒன்றுதான். ஈரத்தலையோடு வாசலில் நிற்பவனைக் கண்டு உங்களுக்குக் கோபம் வரும். சொம்பைக் கையில் கொடுத்துக் குளிக்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகே சட்டையை நீட்டுங்கள். தினமும் அதே வரிசை, அதே சொற்கள். நூறாவது முறையும் முதல் முறைபோலச் சொல்ல வேண்டியிருக்கும். இது சலிப்பூட்டும் வேலை என்பதை நான் மறைக்கப்போவதில்லை. சந்தைக்குக் கூட்டம் சேருமுன் போய்வந்துவிடுங்கள்.

மூளையில் நேர்ந்த சேதத்தை மருந்தால் மாற்ற முடியாது. ஆனால் பயிற்சியால் அன்றாட வாழ்க்கை நன்றாகவே தேறும். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே மகள் குடித்ததை மறைக்காதீர்கள். இந்த வயதில் எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது. கண்ணின் அகலம், மூக்குக்குக் கீழுள்ள பள்ளம், மேலுதடு, உயரம், எடை ஆகியவற்றோடு உங்கள் வார்த்தையையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். இறந்த மகளின் பெயர் கெடுமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. எத்தனையாவது மாதம் வரை, ஏறக்குறைய எவ்வளவு குடித்தாள் என்று தெரிந்ததை ஒரு தாளில் எழுதி, பேரன் பிறந்தபோது கொடுத்த அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.