ஏழு லட்ச ரூபாய் கேமராவை இப்போது வாங்க வேண்டுமா? ஒரு தாய்க்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

விஸ்காம் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகன், ஃபுஜிஃபிலிமின் 102 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் கேமராவும் ஒரு லென்ஸும் கையில் இருந்தால் விளம்பரப் புகைப்படத் துறையில் நேராக நுழைந்துவிடலாம் என்று சொல்வதாகவும், அதற்காக நகையை அடகு வைத்து ஏழு லட்ச ரூபாய் புரட்டலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம் என்பதே என் பதில். தம்பி கேட்பது நல்ல கருவிதான். அதை வைத்துச் சம்பாதிக்கும் வேலை இன்னும் அவர் கைக்கு வரவில்லை என்பதுதான் சிக்கல்.

கல்யாணம், செய்தி, விளையாட்டு என்று எங்கும் காணும் ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதியும் சில்லு, 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. தம்பி கேட்கும் கேமராவில் அது ஏறத்தாழ 44-க்கு 33. பரப்பில் இது 1.67 மடங்கு, அதே தலைமுறைச் சென்சார்களை ஒப்பிட்டால் வெளிச்சத்தைச் சேர்ப்பதில் கிடைக்கும் ஆதாயம் முக்கால் ஸ்டாப் அளவுதான் (வெளிச்சம் இரட்டிப்பானால் அது ஒரு ஸ்டாப்). பின்னணி மங்கலாகும் அழகுக்காகவே வாங்குகிறார்கள் என்றால் அதிலும் ஏமாற்றம் உண்டு. எஃப் எண் லென்ஸின் திறப்பைக் குறிக்கும், எண் சிறிதானால் திறப்பு பெரிது. ஃபுஜியின் 110 மி.மீ. எஃப்/2 லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. எஃப்/1.6 லென்ஸுக்குச் சமமான படத்தைத் தருகிறது. பல கல்யாணப் புகைப்படக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் பின்னணியை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மங்கச் செய்யும்.

தெளிவு எங்கே கைகொடுக்கும் என்பதைப் பட்டுச்சேலைக் கேட்டலாக்கை வைத்துச் சொல்கிறேன். கேமராவிலிருந்து கணினிக்குக் கேபிள் இழுத்து ஒவ்வொரு படத்தையும் பெரிய திரையில் பார்த்தபடி எடுக்கும் வேலை அது. ஜவுளிக்கடைக்காரர் முதலில் சேலையின் முழு அழகைப் பார்க்க மாட்டார். முந்தானை ஓரத்தைப் பெரிதாக்கச் சொல்லி, ஜரிகை இழை தனித்தனியாகத் தெரிகிறதா என்றுதான் பார்ப்பார். நெருக்கமான இழைகள் சென்சாரின் பிக்சல் வரிசையோடு மோதும்போது, சேலையில் இல்லாத வானவில் கோடுகள் படத்தில் நெளியும், மொய்ரே என்பார்கள். பிக்சல்கள் நெருக்கமாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருந்தால் முழுச் சேலையும் ஒரே சட்டத்தில் அடங்கியிருக்கும்போதே இந்தத் தொல்லை குறையும். நகை, அருங்காட்சியக ஓவியம், ஓலைச்சுவடி ஆகியவற்றைப் பதிவுசெய்யும் பணிகளிலும் இந்தப் பயன் உண்மையானது. டென்மார்க்கின் ஃபேஸ் ஒன் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த 53-க்கு 40 மி.மீ. சென்சாருள்ள 150 மெகாபிக்சல் கருவிகள் அப்படிப்பட்ட வேலைகளுக்கே செல்கின்றன.

அச்சுக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்திரிகைத் தரமான அங்குலத்துக்கு 300 புள்ளிகளில், 102 மெகாபிக்சல் படம் 39 அங்குல நீளத்துக்கு வரும். சோனி ஏ7ஆர் 5 போன்ற 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் படம் 32 அங்குலத்துக்கும், நிக்கான் இசட் 8-இன் 45 மெகாபிக்சல் படம் 27 அங்குலத்துக்கும் வரும். ஒரு ஏ4 பக்கத்துக்கோ 9 மெகாபிக்சலே போதும். மேம்பாலத்து விளம்பரப் பலகையைத் தொலைவிலிருந்து பார்ப்பதால், அதற்கு இவ்வளவு நெருக்கமான புள்ளிகளே தேவையில்லை.

தொடக்க காலத்தில் தம்பிக்குச் சோறு போடப்போகும் வேலைகள் வேறு: கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா, சிறு கடைகளின் இன்ஸ்டாகிராம் படங்கள். தாலி கட்டும் அந்தச் சில நொடிகளில், கூட்டத்துக்கும் புகைக்கும் நடுவே மணமகளின் கண்ணைப் பிடித்து விடாமல் தொடரும் ஆட்டோஃபோகஸ் வேண்டும். அதில் ஃபுல் ஃப்ரேம் கேமராக்கள் தெளிவாக முன்னே நிற்கின்றன. 16 பிட் சுருக்கப்படாத ராவில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் 102 மெகாபிக்சல் படம் ஒன்றே சுமார் 200 எம்.பி. இடம் பிடிக்கும், அதாவது ஆயிரம் படங்களுக்கு 200 ஜி.பி. கேமராவோடு செலவு முடியாது என்பதையும், அதைத் தாங்கும் கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் பின்னாலேயே வரும் என்பதையும் தம்பி உங்களிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. உச்சி வெயிலில் ஃப்ளாஷ் போட்டு எடுக்கவும் ஃபுஜியின் ஷட்டர் வேகம் சாதாரணமாக 1/125 நொடியில் நின்றுவிடும். லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் வைத்திருக்கும் ஹாசல்பிளாட் எக்ஸ் வரிசைக் கேமராக்களில் 1/2000 வரை, சில லென்ஸ்களில் அதற்கு மேலும் போகலாம், ஆனால் அதன் விலை இன்னும் மேலே.

ஃபிலிமில் எடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். மீடியம் ஃபார்மட் என்ற பெயரே 120 என்ற அகலமான ரோல் ஃபிலிமிலிருந்து வந்ததுதான். நம் ஊர் ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் இருந்த யாஷிகா மேட் கேமராவின் சதுர நெகட்டிவ் 56-க்கு 56 மி.மீ.; தம்பி கேட்கும் டிஜிட்டல் சென்சாரைவிடப் பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். இன்றைக்கு ஃபிலிமை நம்பித் தொழில் நடத்த முடியாது. ரோலும் கழுவும் செலவும் ஸ்கேனும் சேர்ந்து கையைக் கடிக்கும், பொறுமையுள்ள வாடிக்கையாளரும் அரிது. இருந்தாலும் படிக்கும் காலத்தில் பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது ஃபிலிமைத்தான். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரிவதால், ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவரவே நிதானம் வேண்டும். ஒளியை அளந்து, மூச்சைப் பிடித்து, ஒருமுறை அழுத்திய பிறகு என்ன விழுந்தது என்று பார்க்க வழியில்லை. திரையைப் பார்த்துப் பார்த்து நூறு படம் எடுக்கும் பழக்கமுள்ள மாணவர், ஐந்தாறு ரோல்களிலேயே விளக்கை எங்கே வைப்பது என்று முன்கூட்டி யோசிக்கத் தொடங்குவதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன். கறுப்பு வெள்ளை ரோலை வீட்டுக் குளியலறையிலேயே கழுவிவிடலாம்.

ஆகவே, நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பழைய ஃபுல் ஃப்ரேம் பாடி ஒன்று, 85 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, இரண்டு ஃப்ளாஷ் விளக்குகள் ஆகியவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுங்கள். விளம்பரத் துறைதான் இலக்கு என்றால், விற்பனைப் பொருட்களைப் படம் எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் ஆறு மாதம் உதவியாளராக இருப்பது அவசியம். சம்பளம் சொற்பமாக இருந்தாலும் மீடியம் ஃபார்மட்டை அங்கேதான் கையால் தொட்டுப் பழகுவார். சொந்தமாக ஒரு கேட்டலாக் வேலை வந்தால், கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வாடகையை வாடிக்கையாளரின் பில்லிலேயே சேர்த்துவிடலாம். மாதத்தில் நான்கைந்து நாள் அப்படி வாடகைக்கு எடுக்கும் நிலை தொடர்ந்தால், வாங்குவது பற்றி மறுபடி எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன் தம்பிக்கு ஒரு வேலை. உங்கள் சேலை ஒன்றை அதே விளக்கில் வாடகைக் கேமராவிலும் கல்லூரியின் ஃபுல் ஃப்ரேமிலும் எடுத்து, இரண்டையும் ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு, பின்புறம் மட்டும் கேமராவின் பெயர் எழுதி உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். எது எது என்று நீங்களே கண்டுபிடித்துச் சொல்லுங்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த இரண்டு பிரிண்ட்டுகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.