அண்ணாந்து பார்த்தால் தெரியாது

வணக்கம் சார்,

மகன் வீட்டுக்குக் கலிஃபோர்னியா வந்திருக்கிறேன். போன வாரம் செக்கோயா தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். உலகிலேயே பெரிய மரம் என்கிற ஜெனரல் ஷெர்மன் முன்னால் நின்றபோது, ‘இவ்வளவுதானா’ என்றிருந்தது. பேரன் வேறு, “இதைவிட உயரமான மரமெல்லாம் இருக்கு தாத்தா” என்கிறான். அப்படியானால் எந்தக் கணக்கில் இது பெரியது?

ரா.

அன்புள்ள ரா.,

பேரன் சொன்னது சரிதான். ஷெர்மன் சுமார் 84 மீட்டர். அதே கலிஃபோர்னியாவின் கடலோரக் காட்டில் ஹைபீரியன் என்ற ரெட்வுட் மரம் 115 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மெக்ஸிகோவில் தூலே மரத்துக்கு அடிப்பருமன் இதைவிட அதிகம். வயதிலும் முதலிடம் கிடையாது. ஷெர்மனுக்கு 2,200 முதல் 2,700 வரை சொல்கிறார்கள். 4,000 தாண்டிய பைன் மரங்கள் இருக்கின்றன.

இதன் பெருமை கட்டையின் கன அளவில். தண்டு மட்டுமே சுமார் 1,487 கன மீட்டர். நம்மூர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நிரப்பினால் 124 லாரி.

நான் அந்த மரத்தை நேரில் பார்த்ததில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தரைமட்டத்தில் அதன் குறுக்களவு 11 மீட்டர், அதாவது 36 அடி. எங்கள் மாடியின் அகலம் 28 அடி. வட்டம் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. சரி என்று உள்ளே இன்னொரு வட்டம் போட்டேன், 14 அடிக்கு. அது 180 அடி உயரத்தில் இந்த மரத்தின் பருமன். பதினெட்டு மாடிக்கு மேலே போன பிறகும் என் படுக்கையறை அதற்குள் அடங்கும்! மற்ற மரங்கள் அந்த உயரத்துக்குப் போவதற்குள் ஒல்லியாகிவிடும். இது அவ்வளவு சீக்கிரம் இளைப்பதில்லை, கன அளவில் ஜெயிப்பது அதனால்தான். உச்சி பட்டுப்போய்விட்டதால் உயரம் இனி ஏறாது. ஆனால் தண்டு இன்னமும் வருஷா வருஷம் பருத்துக்கொண்டிருக்கிறது.

உங்களுக்கு ஏமாற்றமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. சுற்றி நிற்பவையும் இதே செக்கோயா இனத்து ராட்சத மரங்கள்தானே? யானைக் கூட்டத்தில் ஒரு யானை. 2006இல் இதன் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. குறுக்களவு 2 மீட்டர், நீளம் 30 மீட்டர். அந்தக் கிளையைத் தனியாக நட்டிருந்தால் வேறு ஊரில் ஸ்தல விருட்சமாகக் கும்பிட்டிருப்பார்கள்.

பெயரைப் பற்றியும் ஒன்று. 1879இல் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி ஷெர்மனின் பெயரை வைத்தவர், அவர் படையில் இருந்த வுல்வர்டன். அப்புறம் அங்கே குடியேறிய கவீயா காலனி சோஷலிஸ்டுகள் இதைக் கார்ல் மார்க்ஸ் மரம் என்றார்கள். 1890இல் பூங்கா வந்தது, காலனி கலைந்தது, தளபதியே நிலைத்தார். 2021 காட்டுத்தீயின்போது அடிமரத்தை அலுமினியத் தாளால் சுற்றிக் காத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஊர் திரும்புவதற்குள் இன்னொரு முறை போக முடிந்தால், பேரனை வேலியோரம் நிற்க வைத்துவிட்டு நீங்கள் வந்த பாதையிலேயே கொஞ்ச தூரம் ஏறித் திரும்பிப் பாருங்கள். மெதுவாக ஏறுங்கள். அந்த இடம் கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், மூச்சு வாங்கும்.