பெட்டாவுக்கு 2 லிட்டர் ஜாடி போதாது, பிளாஸ்டிக் டப் போதும்

2 லிட்டர் ஜாடியில் பெட்டா (வண்ணச் சண்டை மீன்) துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடக்கிறது, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றியும் தேறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு மருந்து ஊற்றாதீர்கள். அவ்வளவு குறைந்த நீரில் கழிவிலிருந்து வரும் அம்மோனியா வேகமாக ஏறும். முழு நீரையும் மாற்றும்போது வெப்பநிலையும் சட்டென மாறும். மீனுக்கு இரண்டு பக்கமும் அடி.

துணி, சாமான் போட்டுவைக்கும் 20 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று போதும். உயரத்தைவிட அகலம் முக்கியம், ஏனென்றால் பெட்டா மேலே வந்து காற்றை விழுங்கும் மீன். சோப்பு போடாமல் கழுவுங்கள். முக்கால் அளவே நிரப்புங்கள். நிறைத்தால் பக்கச்சுவர் பிதுங்கும், மீனும் எகிறிக் குதிக்கும். மூடியில் காற்றுத் துளைகள் கட்டாயம்.

ஏர் பம்ப் காற்றில் ஓடும் சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர் வையுங்கள். காற்றை வால்வால் குறைத்து, குமிழி மெதுவாக வரும்படி விடுங்கள்; நீரோட்டம் பலமாக இருந்தால் நீளத் துடுப்புள்ள மீன் களைத்துவிடும். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும், மின்சாரம் போனால் தண்ணீர் குழாய்வழி பம்புக்குள் இறங்காது. வெப்பநிலை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ். ஹீட்டர் போட்டால் பிளாஸ்டிக்கைத் தொடவே கூடாது.

குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை நீக்கும் திரவம் சேர்த்துவிடுங்கள். ஒருநாள் திறந்துவைப்பது குளோரினுக்குச் சரி, குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) அப்படிப் போகாது. ஃபில்டரில் அம்மோனியாவை மாற்றிவிடும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கால்பங்கு நீரை மாற்றுங்கள், அம்மோனியா சோதனையில் ஏறியிருந்தால் தினமும். ஸ்பாஞ்சை, டப்பிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள்.

தீனி வேளைக்கு 2, 3 உருண்டை, நாளைக்கு இரண்டு வேளை. மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.